காலி டப்பாவுக்கு முழு எடை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வரும்? கடையில் எல்லோருக்கும் அவள் லென்ஸக்காதான். முன்னால் ஃபிரேம் விற்கிறவர்கள் சிரித்துப் பேசி வாடிக்கையாளரை மடக்குவார்கள். பின்னால் இவள் தண்ணீர் தெறிக்கும் இயந்திரத்தின் முன் குனிந்து, வட்டக் கண்ணாடியை ஃபிரேமின் பள்ளத்துக்குள் உட்காரும் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பாள். அரை மில்லிமீட்டர் கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் ஆடும். தேய்த்து முடித்த ஒவ்வொன்றையும் விளக்கடியில் தூக்கிப் பிடித்து, சுவரில் வரைந்து வைத்திருக்கும் கூட்டல் குறியை அதன் வழியே பார்ப்பாள். கோடு கோணினால் திரும்பவும் இயந்திரத்துக்குப் போகும். "அவசரம்க்கா, ஆள் நிக்கிறாரு" என்று முன்னாலிருந்து குரல் வந்தால், "நிக்கட்டும், உக்கார நாற்காலி போடு" என்பாள். அந்தப் பின்னறையிலிருந்து அவள் கண்ணால் பார்க்காத ஒரு லென்ஸ் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

அப்பேர்ப்பட்டவள் செய்த தப்பைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. 'கூடை' என்று ஒரு மென்பொருள். நடுவில் பெரிய கம்பெனியோ சர்வரோ கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை நேராக என் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். ஒரே கோப்பு பத்துப் பேரிடம் இருந்தால், பத்துப் பேரிடமிருந்தும் துண்டு துண்டாக வாங்கி ஒட்டிக்கொள்ளும். அதை எழுதியவர் ஒருவர்தான். அவரை எல்லோரும் தலைவர் என்பார்கள். அதைச் சோதித்துப் பார்த்து, அது வேண்டும் இது வேண்டாம் என்று அடித்துக்கொள்ள இணையத்தில் அவரோடு சேர்த்து ஏழு பேர். சம்பளம் இல்லை, சாயா கூட இல்லை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் லென்ஸக்கா அங்கேதான் இருப்பாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். சட்டையை மாட்டிக்கொண்டே, "என்ன, சட்டசபை கூடியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்தச் சட்டசபையில் மூன்று மாதம் ஒரே ரகளை. விஷயம் இதுதான். ஒரு பெரிய கோப்பை இறக்க ஆரம்பிக்கும்போது, அதற்கு வேண்டிய மொத்த இடத்தையும் டிஸ்க்கில் முதலிலேயே பிடித்து வைத்துவிடலாமா, அல்லது வரவர இடம் எடுத்துக்கொண்டால் போதுமா?

லென்ஸக்கா முதல் கட்சி. தொண்ணூறு சதவீதம் வந்த பிறகு 'இடமில்லை' என்று கூடை கையை விரித்த அனுபவம் அவளுக்கு நாலு தடவை உண்டு. "பஸ்ல ஏறினதும் சீட்ல கைக்குட்டை போடறோம்ல, அது மாதிரிதான். இடம் நமக்குன்னு ஆயிடுச்சுன்னா அப்புறம் ஆள் மெதுவா வரட்டும்" என்று எழுதினாள். அது எல்லோருக்கும் பிடித்துப்போனது.

எதிர்க்கட்சிக்கு 'அடுப்பு' தலைமை. எங்கோ ஓர் ஊரில் பேக்கரி வைத்திருப்பவர். முதல் ஈடு ரொட்டியை அடுப்பில் தள்ளிவிட்டு, அது வேகிற நேரத்தில் எழுதுவார். அதனால் அந்தப் பெயர். இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டார். ரொட்டி கருகிவிடும்.

"கைக்குட்டை கிடக்கிற சீட்டப் பாத்தா ஆள் இல்லன்னு தெரியும். இது அப்படி இல்லையே அக்கா. கோப்போட பேரும் இருக்கும், அளவும் முழுசா இருக்கும், உள்ள வெறும் காத்து. காலி டப்பாவுக்கு முழு எடை லேபிள் ஒட்டக் கூடாது."

"உள்ள எவ்வளவு வந்திருக்குன்னு கூடையத் திறந்தா சதவீதம் காட்டுமே" என்றாள் இவள்.

"எல்லாரும் கூடையத் திறந்தா பாப்பாங்க? சரி, இடம் பிடிச்சுக்கோங்க. ஆனா முழுசா வர்ற வரைக்கும் கோப்புப் பேருக்குப் பின்னாடி ஒரு வால் ஒட்டி வைங்க. பாதின்னு."

லென்ஸக்கா அதற்கும் ஒற்றைக் காலில் நின்று மறுத்தாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். "நானூறு கோப்பு இருக்கிற ஃபோல்டர்ல நானூறு வால் தொங்கினா நல்லாவா இருக்கும்?" என்று எழுதினாள். கண்ணாடிக்கடைக்காரிக்கு விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும். வாக்கெடுப்பில் நாலுக்கு மூன்று. இடம் பிடிக்கலாம், வால் வேண்டாம். அடுப்பு "சரி" என்று ஒரே சொல்லில் ஒதுங்கிக்கொண்டார். லென்ஸக்கா அன்று கடைக்கு ஒரு கிலோ பிஸ்கட் வாங்கிப் போனாள், காரணம் சொல்லாமல்.

நானூறு கோப்பு என்று அவள் சொன்னது சும்மா இல்லை. சரியாகச் சொன்னால் நானூற்றுப் பன்னிரண்டு. அவை அவள் தங்கையுடையவை.

தங்கை வேறு ஊரில், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். பதினோரு வருஷமாகத் தன் பிள்ளைகளை வைத்து ஒரு சைகை அகராதி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு வீடியோ. 'மழை' என்றால் ஒரு பையன் வந்து மழையைக் கையால் காட்டுவான். 'கடன்' என்றால் ஒரு பெண் வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டுவாள். அதில் வந்த பிள்ளைகள் பலர் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். எடுத்ததையெல்லாம் தங்கை கூடை வழியாக அக்காவுக்கு அனுப்பிவிடுவாள். "நீ வச்சிருந்தா எனக்கு நிம்மதி" என்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்கா கதவைப் பூட்டினேன் என்றால் தங்கை இழுத்துப் பார்க்கமாட்டாள்.

வாக்கெடுப்பு முடிந்து புது வசதியும் வந்த மாதமே அக்காவின் பழைய டிஸ்க் செத்துப்போயிருந்தது. அதற்கென்ன, தங்கையிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்று புது டிஸ்க் மாட்டி, நானூற்றுப் பன்னிரண்டையும் ஒரே மூட்டையாகத் திரும்ப இறக்க விட்டிருந்தாள். மெதுவான இணைப்பு. ஆறு நாளாக வந்துகொண்டிருந்தது.

ஏழாம் நாள் மதியம், கடையில் நல்ல கூட்ட நேரத்தில் தங்கையின் போன்.

"அக்கா, உனக்கு எல்லாம் வந்துடுச்சா? இன்னிக்குப் பசங்க நாடகம். கேமராலேருந்து எடுத்துப் போட இங்க துளி இடம் இல்ல. வந்துடுச்சுன்னா இங்க அழிச்சுடுவேன். அப்புறம் உன்கிட்டேருந்து வாங்கிக்கறேன்."

லென்ஸக்கா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, போனிலிருந்தே வீட்டு டிஸ்க்கைத் திறந்தாள். ஃபோல்டர் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் வரிசையாக, வால் இல்லாமல், பார்க்க அழகாக இருந்தன. மொத்த அளவைத் தங்கையிடம் கேட்டாள். தங்கை சொன்ன எண்ணும் இங்கே காட்டிய எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்று.

"சரியா இருக்கு. அழிச்சுக்கோ."

இந்த மூன்று சொற்களைச் சொல்ல அவளுக்கு இருபது விநாடி ஆனது. சதவீதம் பார்க்கக் கூடையைத் திறந்திருந்தால் இன்னொரு பத்து விநாடி ஆகியிருக்கும். இந்த வசதி வேண்டுமென்று மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியவள் இவள். வராத கோப்பும் முழு அளவு காட்டும் என்பதை இந்த உலகத்தில் ஏழு பேருக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும் என்றால், அதில் ஒருத்தி இவள். எனக்கு இன்றைக்கும் இதைச் சொல்லும்போது ஆத்திரம் வருகிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கூடையில் பச்சைக் கோடு பாதி தாண்டிய இடத்தில் நின்றிருந்தது. அறுபத்தொரு சதவீதம். பக்கத்தில், 'கொடுப்பவர் யாரும் இல்லை.'

தங்கைக்குப் போன் போட்டாள்.

"நாடகத்த ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேனே. ஏன்க்கா?"

அழித்த இடத்தின் மேலேயே நாடகம் ஏறி உட்கார்ந்துவிட்டது. இனி அங்கிருந்து எதையும் மீட்க முடியாது. லென்ஸக்கா மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இடம் பிடிப்பது, முழு அளவு, உள்ளே காற்று, வாக்கெடுப்பு, எல்லாம்.

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல? ஓடியிருக்காதே."

"கடையில கூட்டம்டீ..."

"இன்னிக்கு மட்டும் கேக்கல. பதினோரு வருஷத்துல ஒண்ணாவது திறந்து பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. டிஸ்க் மாற்றியிருக்கிறாள், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு அடுக்கியிருக்கிறாள், இரண்டு தடவை பெயர்களைக்கூட ஒழுங்குபடுத்தியிருக்கிறாள். ஒரு வீடியோவைக்கூட ஓட்டிப் பார்த்ததில்லை. தங்கை போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நாலு நாள் எடுக்கவில்லை.

மறுநாள் காலை சட்டசபையில் லென்ஸக்கா எழுதினாள். நீளமாக எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் அடுப்பின் அளவுக்குச் சுருக்கிவிட்டாள். "அளவப் பாத்து, வந்துடுச்சுன்னு சொன்னது நான். வால் வேணாம்னதும் நான். என் தங்கச்சியோட பதினோரு வருஷ வேலை போச்சு."

அடுப்பு என்ன சொல்வாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். 'அன்னிக்கே சொன்னேனே' என்று எழுதினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். வந்த பதில் வேறு.

"அந்த வீடியோ வேற யார்கிட்ட போயிருக்கும்? வேற டீச்சருங்க வாங்கியிருப்பாங்களா? லிஸ்ட் குடுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் அஞ்சு பத்து இருந்தாக்கூட ஒட்டிடலாம்."

வேறு பள்ளிகளில் டீச்சர்கள் ஒன்பது பேர் அவ்வப்போது வாங்கியிருந்தார்கள். தங்கை பேசாவிட்டாலும் பட்டியலை அனுப்பினாள்; பட்டியல் மட்டும், ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. அடுப்பும் லென்ஸக்காவும் ஆளைப் பங்கு போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் பிடித்தார்கள். ஒருவர் கம்ப்யூட்டரைத் தன் அக்கா மகளுக்குக் கொடுத்திருந்தார். ஒருவருக்குக் கூடை என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தது. ஒருவர் பரண் மேலிருந்து பழைய லேப்டாப்பை இறக்கி, சார்ஜர் தேடி, மாவு பிசைந்துகொண்டே பேக்கரிக்காரர் போனில் வழி சொல்லச் சொல்ல, தட்டுத் தடுமாறித் திறந்தார். தலைவர் இரண்டு நாள் உட்கார்ந்து, பெயர் மாறிப்போன கோப்பையும் அடையாளம் கண்டு ஒட்டுகிற மாதிரி கூடையைத் திருத்திக் கொடுத்தார். பச்சைக் கோடு அறுபத்தொன்றிலிருந்து எழுபத்து நாலுக்கு வந்தது. எண்பத்தெட்டுக்கு வந்தது. தொண்ணூற்றாறில் நின்றது. அதற்கு மேல் யாரிடமும் இல்லை.

ஐந்தாம் நாள் தங்கை போனை எடுத்தாள்.

"தொண்ணூத்தாறு வந்துடுச்சு. ஒவ்வொரு துண்டையும் கூடை சரிபாத்திருக்கு. இந்தத் தடவ அளவப் பாத்துச் சொல்லல."

"கூடை பாத்தது எனக்கு வேணாம். நீ பாரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். முதல்லேருந்து கடைசி வரைக்கும். எது இருக்கு, எது இல்லன்னு நீ கண்ணால பாத்துட்டுச் சொல்லு."

அக்கா பூட்டிய கதவைத் தங்கை முதல் தடவையாக இழுத்துப் பார்க்கிறாள். லென்ஸக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் என்ன வாய் வைத்துக்கொண்டு மறுப்பது?

காலையில் ஒரு மணி நேரம், கடையில் சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம். முதல் நாள் கடமைக்குத்தான் பார்த்தாள். ஓடுகிறதா, ஓடுகிறது, டிக். ஒன்று முப்பது விநாடி, ஒன்று இரண்டு நிமிஷம். தள்ளி ஓட்டலாம் என்று கை போனது. தங்கை கேட்டால் என்ன சொல்வது என்று கையை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் 'பசி' வந்தது. ஒரு பையன் வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, எடுத்து முடித்ததும் நிஜமாகவே பசிக்கிறது என்று யாரிடமோ கேட்டான். படத்துக்கு வெளியிலிருந்து ஒரு கை ஒரு வாழைப்பழத்தை நீட்டியது. தங்கையின் கைதான், அந்தப் பழைய சிவப்பு வாட்ச்சோடு. லென்ஸக்கா அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் நாளிலிருந்து அவளையறியாமல் கை ஆட ஆரம்பித்தது. பின்னறையில் தனியாக உட்கார்ந்து 'தண்ணீர்', 'நாளைக்கு', 'பொய்' என்று செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் வாங்கிப்போக வந்த விற்பனைப் பெண், "என்னக்கா, கொசுவா?" என்று கேட்டாள்.

"பொய் சொல்றேன்" என்றாள் லென்ஸக்கா. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் போனாள்.

நூற்று எழுபத்திரண்டாவது வீடியோவின் பெயர் 'மூக்குக்கண்ணாடி'. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. நம்ம தொழிலாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னல், முன்பல் இல்லை. கேமராவைப் பார்த்து ஒரு கண்ணில் விரலால் வளையம் வைத்தாள். பிறகு அந்த வளையத்தின் மேல் மற்றக் கையின் விரலை வைத்து இரண்டு தடவை தேய்த்தாள். தேய்த்துவிட்டு இளித்தாள்.

தங்கை சிரித்துக்கொண்டே படத்துக்குள் வந்தாள். ஒன்பது வருஷம் இளையவளாக, தலைமுடி நரைக்காமல். பிள்ளைகளோடு சைகை செய்யும்போது வாயாலும் சொல்வது அவள் வழக்கம்.

"வளையம் வச்சதோட நிறுத்தணும். அதான் மூக்குக்கண்ணாடி. ரெண்டு தடவ தேச்சா அது எங்க அக்கா பேரு. எங்க அக்காவ எதுக்கு இங்க கூட்டிட்டு வர்ற?"

பெண் கையால் ஏதோ கேட்டாள். மூன்று நாள் படித்த படிப்பில் லென்ஸக்காவுக்கு அதில் ஒரு சொல் புரிந்தது: 'பார்'. மீதியைத் தங்கையின் பதில் சொன்னது.

"பாக்காம? கண்டிப்பா பார்ப்பா. நாம எடுக்கறதெல்லாம் அவகிட்டதான் இருக்கு. ஒண்ணொண்ணா உக்காந்து பார்ப்பா. நீ பல்லு இல்லாம சிரிக்கறதையும் பார்ப்பா."

பெண் உடனே வாயை மூடிக்கொண்டாள். வீடியோ முடிந்தது.

ஒரு பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகள் இவளுக்குக் கையால் ஒரு பெயர் வைத்து ஒன்பது வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் இவள் டிஸ்க்கிலேயே இருந்திருக்கிறது, நூற்று எழுபத்திரண்டாவதாக. டிஸ்க் மாற்றும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். லென்ஸக்கா ஏப்ரன் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாள் என்றே சொல்லலாம். அந்த அறையில் அதை மறைக்க வேண்டிய ஆள் யாருமில்லை. அன்று மதியம் தேய்த்த இரண்டு லென்ஸ்கள் கோணலாகப் போய், திரும்ப இயந்திரத்துக்கு வந்தன.

மீதியை ஒரு விநாடிகூடத் தள்ளாமல் பார்த்தாள். மொத்தம் ஒன்பது நாள் ஆனது. இடையில் ஒரு காலை சட்டசபைக்கும் போனாள். இடம் பிடிப்பதையே எடுத்துவிடலாம் என்று யாரோ சொல்ல, அடுப்பே மறுத்தார். "அக்கா சொன்னதும் நியாயம்தான். தொண்ணூறு சதவீதத்துல இடம் இல்லாமப் போறது கொடுமை. பேர மட்டும் மாத்துவோம்." வால் ஒட்டவேண்டும் என்ற தீர்மானத்தை லென்ஸக்காவே எழுதிக் கொண்டுவந்தாள். முழுசாக வரும்வரை ஒவ்வொரு கோப்பின் பின்னாலும் 'பாதி' என்று தொங்கும். அசிங்கமாகத்தான் இருந்தது. ஏழுக்கு ஏழு வாக்கு விழுந்தது.

பத்தாம் நாள் ஞாயிறு காலை, தங்கையை வீடியோவில் கூப்பிட்டாள். தங்கை பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது.

"சொல்லு."

"முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு நல்லா ஓடுது. பதினேழு போச்சு. 'ஏணி' இல்ல, 'பொறாமை' இல்ல, 'செவ்வாய்க்கிழமை' இல்ல..." பதினேழையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தங்கை எழுதிக்கொண்டாள்.

"முழுசா பாத்தியா?"

லென்ஸக்கா ஒரு கண்ணில் விரலால் வளையம் வைத்தாள். மற்றக் கையின் விரலால் அதன் மேல் தேய்த்தாள்.

தங்கையின் பேனா நின்றது.

"அந்தப் பொண்ணுக்குப் பல்லு முளைச்சுடுச்சா?" என்று கேட்டாள் லென்ஸக்கா.

"அடுத்த வருஷம் காலேஜ் போறா." தங்கை பேனாவைக் கீழே வைத்தாள். "ஒன்பது வருஷமா, நீ எப்ப அதப் பத்திக் கேப்பன்னு பாத்துட்டே இருந்தேன். அப்புறம் கேக்கமாட்டன்னு விட்டுட்டேன்."

"கேக்கலடீ. தப்புதான்."

பிறகு தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். டீச்சர் முகம் வந்துவிட்டது.

"நீ மூணு தடவ தேய்க்கற. ரெண்டுதான். மூணு தேச்சா ஜன்னல் துடைக்கிறவன்."

லென்ஸக்கா திரும்ப வளையம் வைத்தாள். ஒன்று, இரண்டு. விரலை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப?"

தங்கை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, அக்காவை இன்னொரு தடவை செய்யச் சொல்லி, கடைசி வரை பார்த்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.